குறட்டையும் பல்மருத்துவமும்

குறட்டை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நகைப்புத் தோன்றுதல் இயல்பு. கும்பகருணன் துயில் நம் நாட்டுச் சிறுவர் யாவரும் கேட்டு மகிழ்ந்த கதை. அவன் விடும் மூச்சு எதிர்சென்றாரைப் புறத்தே தள்ளிற்று, வாங்கும் மூச்சு அவரை உள்ளிழுத்தது என்று பாட்டிமார் சொல்ல நாமும் சிரித்தோம். பவுல் அப்போஸ்தலர் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்த இரவில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் நித்திரை மயக்கத்தால் மூன்றாம் மெத்தையினின்று விழுந்த செய்தியை வாசிக்கும்போதும், நம் ஆலயத்து நீண்ட பிரசங்கங்களை எண்ணிப் புன்முறுவல் செய்கின்றோம்.

ஆயினும், உரத்தெழும் குறட்டை இடையே சட்டென அடங்கி, பத்து எண்ணும் வரையும் இருபது எண்ணும் வரையும் மூச்சின்றிக் கிடந்து, பின்னர் நீரில் மூழ்கியெழுந்தான் ஒருவனைப் போலத் திணறி மூச்சு வாங்கும் ஒருவரை அருகிருந்து கண்டவர்க்கு நகைப்புத் தோன்றாது, அச்சமே தோன்றும். இந்நோயை மருத்துவ நூலார் ஸ்லீப் ஆப்னியா என்பர். உறக்க மூச்சுத்தடை என்று யான் இக்கட்டுரையில் வழங்குவேன். இதற்குப் பல்மருத்துவரிடத்தும் பரிகாரம் உண்டு என்பதை நம்மில் மிகச் சிலரே அறிவர். சென்ற ஆண்டு வரை யானும் அறிந்திலேன்.

அறிய நேர்ந்தது என் பெரியப்பாவால். அவர் ஆவடியில் வசிப்பவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர். அப்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அதற்கு மூன்றாண்டு முன்னரே எழுந்தது. அது முதல் இவ்வூர்களில் இரவு ஷிப்டு என்பது வேளாளர்க்கு நாற்று நடுகை போல வாழ்க்கையோடு ஒன்றிய செய்தியாயிற்று. ஆதலின் ஒருவர் பகலில் தூங்கி விழுந்தால், 'இரவு வேலை பார்த்தவர், களைப்பு' என்று கூறி அமைவதே இங்குள்ளார் வழக்கம். பெரியப்பா அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, ஆவடியில் இறங்க வேண்டியவர், திருவள்ளூரிற் கண்விழித்த நாட்கள் பல. வீட்டில் அஃது ஒரு வேடிக்கைக் கதையாக வழங்கிற்று. ஒரு நாள் பகல் ஷிப்டிலேயே, சுழலும் இயந்திரத்தின் முன் நின்றபடி கண்ணயர்ந்தார். அருகிருந்த தொழிலாளி கூவியதால் விரல்கள் தப்பின. அதன்பின் எவரும் நகைக்கவில்லை. ஆனால் என்ன செய்வது என்பதும் எவர்க்கும் தெரியவில்லை.

பின்னர்க் கடைவாய்ப்பல் ஒன்று விண்டு வலியெடுக்க, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பெரியம்மாவுடன் சென்றார். துணைக்கு யானும் சென்றிருந்தேன். அங்கிருந்த இளம் மருத்துவர் விண்ட பல்லைப் பார்த்த பின்னும் விளக்கை அணைத்தாரில்லை. பற்களின் மேற்புறம் தேய்ந்திருத்தலையும், நாவின் இரு ஓரங்களிலும் பற்கள் அழுந்திய வடு இருத்தலையும் நோக்கினார். வாயை அகலத் திறந்து நாவை நீட்டச் செய்து உள்நாக்குத் தெரிகின்றதா என்று பார்த்தார். இங்ஙனம் தொண்டையின் திறப்பை வகைப்படுத்திக் காணும் முறையை 1985-ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டவர் ஆந்திர நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த மல்லம்பட்டி என்னும் மயக்கமருந்து மருத்துவர்; இன்று உலகெங்கும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பின்னர் அம்மருத்துவர், "ஐயா, பகலில் உறக்கம் வருமோ?" என்றார்.

"பல்வலிக்கு வந்தேன், டாக்டர், உறக்கத்தைப் பற்றி ஏன் கேட்கின்றீர்கள்?" என்றார் பெரியப்பா.

மருத்துவர் பெரியம்மாவை நோக்கி, "அம்மா, இரவில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருவதுண்டோ?" என்றார்.

"பல வருஷமாய் நான் விழித்திருந்து எண்ணுவது அதைத்தான், டாக்டர். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை" என்றார் பெரியம்மா.

அன்று தொடங்கி யான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டிடங்களைக் கூறுகின்றார்: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். பேச்சுக்குரிய இவ்வுறுப்புக்களுட் பலவே மூச்சுக்கும் வழியாவன. மூக்கின் பின்புறமிருந்து குரல்வளை வரையுள்ள மிடற்றுவழியை விறைப்பாக நிறுத்த எலும்பேதும் இல்லை. தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது அத்தசைகள் இறுகி நிற்கும். உறக்கத்தில் உடலெங்கும் தசைகள் தளர்வது போல அவையும் தளரும். மல்லாந்து படுத்தால் நா பின்னோக்கிச் சரியும், மெல்லண்ணமும் தொங்கும். வழி சிறிது குறுகினாற் காற்று உரசி அதிர்கின்றது, அதுவே குறட்டை. முற்றும் அடைபட்டால் நெஞ்சு மூச்சை இழுக்க முயன்றும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்திற் பிராணவாயு குறைகின்றது. மூளை அதனை உணர்ந்து ஒரு கணம் உறங்குவானை எழுப்புகின்றது. தசை இறுகி வழி திறக்கின்றது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. தான் எழுப்பப்பட்டதை உறங்குவான் அறியான். எட்டு மணி நேரம் படுத்தும் உறங்கினவன் ஆகான்.

பருத்த உடலும் தடித்த கழுத்தும் உடையார்க்கே இந்நோய் மிகுதி என்பது மெய்தான். ஆயினும் மெலிந்தவர்க்கு வாராது என்று எண்ணுதல் பிழை. கீழ்த்தாடை சிறுத்தோ பின்வாங்கியோ இருப்பார்க்கும், மேலண்ணம் குறுகி உயர்ந்திருப்பார்க்கும் நாவுக்கு இடம் போதாமையால் இது வரும். ஆசிய மக்களிடையே அத்துணைப் பருமன் இல்லாதார்க்கும் இந்நோய் காணப்படுதற்குத் தாடையின் அமைப்பே பெரிதும் காரணம் என்பர். மாதரிடத்து இது குறட்டையாக வெளிப்படாது, காலைத் தலைவலியாகவும் தீராத சோர்வாகவும் காட்டிப் பல்லாண்டு மறைந்து நிற்றலும் உண்டு.

நம் நாட்டு ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கொன்று, இந்தியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர்க்கு இந்நோய் உண்டு என்கின்றது. ஆடவருள் 13, மகளிருள் 5 என்ப. இதனைப் பரிகரியாது விட்டால் இரத்தக் கொதிப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, பக்கவாதம் ஆகியவற்றிற்கு இடமாகும். வண்டியோட்டுவோர்க்கு நேரும் விபத்து, இந்நோயுடையாரிடத்து ஏனையோரினும் இருமடங்குக்கு மேல் என்று கண்டிருக்கின்றனர். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் செல்லும் லாரிகளை நினைக்குந்தோறும் எனக்கு இவ்வெண்ணே நினைவுக்கு வருகின்றது.

நிற்க. பல்மருத்துவர் ஐயுறலாம், நோயை உறுதி செய்தல் அவர் வேலையன்று. அதற்கு உறக்கச் சோதனை வேண்டும். இரவு முழுதும் உறங்குவானுடைய மூளை மின்னலை, கண்ணசைவு, மூச்சோட்டம், நெஞ்சின் முயற்சி, இதயத் துடிப்பு, இரத்தத்துப் பிராணவாயு ஆகிய இவற்றைக் கருவிகள் பதிவு செய்யும். இவற்றுட் சிலவற்றை மட்டும் பதியும் சிறு கருவியை வீட்டிலேயே அணிந்துறங்கிச் செய்யும் சோதனையும் உண்டு. பத்து விநாடிக்குக் குறையாது மூச்சு நின்றாலும் மிகக் குறைந்தாலும் அதனை ஒரு தடையாகக் கொள்வர். மணிக்கு இத்தகைய தடை 5-க்குக் கீழாயின் நோயில்லை. 5 முதல் 15 வரை சிறிது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேற்பட்டது கடுமை. பெரியப்பாவுக்கு 28 என்று வந்தது. அஃதாவது, இரண்டு மணித்துளிக்கு ஒரு முறை அவர் மூச்சுத் தடைப்பட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவர் முதலிற் கொடுப்பது சிபாப் என்னும் காற்றழுத்தப் பொறி. 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன் என்பார் இதனை வெளியிட்டார். முகமூடி வழியே ஓயாது செலுத்தப்படும் காற்று மிடற்றைச் சரியவொட்டாது தாங்கி நிற்கும். தடையை நீக்குவதில் இதற்கு நிகரானது இன்றளவும் இல்லை. கடுமையான நோயுடையார் முதலில் நாட வேண்டியதும் இதுவே. ஆயின் பல்லாயிரம் ரூபாய் விலையுடையது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். முகமூடி அணிந்து உறங்குதல் எல்லார்க்கும் இயைவதன்று. பெரியப்பா இரண்டு மாதம் முயன்றார். பேரப்பிள்ளைகள் அவரை யானை என்றழைத்ததை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் நள்ளிரவில் தம்மை அறியாமலே முகமூடியைக் கழற்றி எறிந்துவிடும் தம் கைகளை என் செய்வார்? பொறி அலமாரிமேல் ஏறிற்று.

இந்நிலையில் உள்ளார்க்கே பல்மருத்துவர் பெரிதும் உதவுவார். சிபாப் பொறியைத் தாங்காதவர்க்கும், வேறு வழியை விரும்புவார்க்கும் வாய்க்கருவி கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் உறக்க மருத்துவச் சங்கத்தாரும் பல்மருத்துவ உறக்கச் சங்கத்தாரும் 2015-ஆம் ஆண்டில் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது.

அக்கருவியின் தத்துவம் எளிது. நாவின் பெருந்தசை கீழ்த்தாடையின் முன்புறத்து உட்பக்கத்தே எலும்பிற் பிணைந்துள்ளது. ஆகவே தாடை முன்னே வந்தால் நாவும் உடன் வரும். மெல்லண்ணமும் பக்கச் சுவர்களும் இழுபட்டு மிடறு விரியும். அறுவைக் கூடத்தில் மயக்கமுற்றான் மூச்சு அடைபட்டால் மருத்துவர் இரு கைகளாலும் அவன் தாடையை முன்தள்ளிப் பிடிப்பது இது பற்றியே. அக்கைகள் செய்யும் வேலையை இரவெல்லாம் செய்வது வாய்க்கருவி. மேற்பற்களுக்கு ஒன்றும் கீழ்ப்பற்களுக்கு ஒன்றுமாக அக்ரிலிக் முதலிய பொருள்களால் இரண்டு உறைகள்; கீழுறையை முன்னோக்கி நிறுத்தும் ஒரு திருகோ பட்டையோ அவற்றை இணைக்கும்.

புதியதொரு கருத்து இது என்று நினைத்தேன்; அன்றாம். சிறுத்த தாடையோடு பிறந்த குழந்தைகளுக்கு நா பின்சரிந்து மூச்சடைப்பதைப் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ரொபேன் என்னும் பல்மருத்துவர் 1923-ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதினார். வளர்ந்தவர்க்கு நாவையே முன்னிழுத்து நிறுத்தும் கருவியின் பயனை அமெரிக்காவிற் கார்ட்ரைட், சாமல்சன் என்போர் 1982-ஆம் ஆண்டில் எழுதினர். இஃது இரப்பர் போன்ற மெல்லிய குமிழ். நா நுனியை அதனுட் செலுத்தி அழுத்த, உள்ளிருக்கும் காற்று வெளியேறி நா அதனுட் பற்றிக்கொள்ளும். பற்களிற் பொருந்த வேண்டாமையால் பல்லிழந்த முதியோர்க்கு இது கொடுக்கப்படும். அணிந்து உறங்குதல் எளிதன்று என்பது பயின்றவர் கூற்று.

தாடைக்கருவி செய்யும் முறையைச் சிறிது விரித்துச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் கடைகளில் விற்கும், வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் மலிவான உறையும் இதுவும் ஒன்றென்று கருதுவார் உளர். பல்மருத்துவர் முதலிற் பற்களையும் ஈறுகளையும் தாடைமூட்டையும் சோதிப்பார். ஒவ்வொரு தாடையிலும் கருவியைத் தாங்கப் போதிய உறுதியான பற்கள் இருத்தல் வேண்டும். ஆடும் பல்லில் இதனைப் பூட்டினால் பல் போகும். சொத்தைப் பல்லும் ஈறு நோயும் முன்னரே தீர வேண்டும். பெரியப்பாவின் விண்ட பல்லுக்கு வேர் வைத்தியம் செய்து உறையிட்ட பின்னரே அளவெடுத்தார்கள். பின் அவர் தம் கீழ்த்தாடையை எவ்வளவு முன்தள்ள இயலும் என்று அளந்து, அதிற் பாதியளவில் தொடங்கினர். பொதுவாக முழு அளவில் பாதி முதல் முக்கால் வரை முன்தள்ளுவர். ஒரே நாளில் அன்று. சில வாரங்களாக, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று சிறிது சிறிதாகத் திருகி முன்செலுத்துவர். குறட்டை அடங்கிற்று என்ற அளவில் வேலை முடிந்ததாகாது. ஓசையின்றியே மூச்சு அடைபடுதலும் உண்டாகலின், கருவியை அணிந்தபடியே மீண்டும் உறக்கச் சோதனை செய்து கண்டாலன்றி உண்மை விளங்காது. பலர் இவ்விரண்டாஞ் சோதனையைச் செய்யாது விடுகின்றனர் என்பதே இதிலுள்ள பெருங்குறை.

எல்லார்க்கும் பயன்படுமோ எனின், படாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குத் தடை முற்றும் நீங்குகின்றது. மற்றொரு பங்கினர்க்குப் பாதிக்கு மேற் குறைகின்றது. எஞ்சிய பங்கினர்க்குப் போதிய பயனில்லை. தடையின் எண்ணிக்கையைக் குறைப்பதிற் சிபாப் பொறியே மேம்பட்டது. ஆனால் வாய்க்கருவியை மக்கள் அதனினும் மிகுந்த நேரம் அணிந்திருக்கின்றனர். இதனால், 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், ஒரு மாதம் பயன்படுத்திய அளவில் பகலுறக்கம் முதலியவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த பயனே தந்தன. அலமாரிமேல் உறங்கும் சிறந்த பொறியினும் வாயிற் பொருந்திய நடுத்தரக் கருவி நன்று என்று யான் இதனைப் பொருள் கொள்கின்றேன். மருத்துவர் வேறு சொல்வாராயின் அவர் சொல்லே கொள்க.

தொல்லைகளும் உள. முதற் சில வாரங்களில் எச்சில் ஊறும். சிலர்க்கு வாய் உலரும். காலையிற் பற்களும் தாடைமூட்டும் நோகும். இவை பெரும்பாலும் தணிவன. தணியாதது ஒன்று உண்டு: ஆண்டுகள் பல செல்லச் செல்ல மேல்முன்பற்கள் உட்சாயவும் கீழ்முன்பற்கள் புறஞ்சாயவும், கடிக்கும் முறை மெல்ல மாறிவிடும். அதுபற்றியே காலையிற் கருவியைக் கழற்றியவுடன் தாடையைப் பழைய இடத்துக்குக் கொணரும் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பர். ஆண்டுதோறும் பல்மருத்துவர் பார்த்தலும் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: உறக்கத்திற் பல் நறநறவெனக் கடிப்பார்க்குப் பல்தேயாவண்ணம் கொடுக்கும் மேலுறை வேறு, இது வேறு. அவ்வுறை தாடையை முன்கொணராமையின் மூச்சுத்தடைக்கு மருந்தாகாது. சிலர்க்கு அதனை மிகுவிக்கவுங் கூடும்.

அறுவைச் சிகிச்சையும் ஒன்றுண்டு. மேல் கீழ் ஆகிய இரு தாடை எலும்புகளையும் அறுத்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னகர்த்தி டைட்டேனியத் தகடுகளாற் பிணைப்பர். தடையை நீக்குவதில் மிகுந்த பயனுடையதெனினும் பெரிய அறுவையாதலின் ஏனையவை பயன்படாத இடத்தே மேற்கொள்வர். குழந்தைகளுக்கோ மூக்கின் பின்புறத்துச் சதையும் தொண்டைச் சதையும் வளர்ந்திருத்தலே பெரும்பாலும் காரணம். அவற்றை நீக்குதலே முதற் பரிகாரம். அண்ணம் குறுகிய பிள்ளைகளுக்குத் திருகுடைய ஒரு கருவியை மேற்பற்களில் மாட்டி, நாளொன்றுக்குக் கால் மில்லிமீட்டர் போல விரித்து, நடுவிலுள்ள எலும்புப் பொருத்தை அகலச் செய்வர். பொருத்து இறுகாத இளமையிலே தான் இஃது எளிதிற் கைகூடும். வாயைத் திறந்தே உறங்கும் பிள்ளையை 'அது அவன் பழக்கம்' என்று விட்டுவிடுதல் நம்மவரிடையே மிகுதி.

எங்கள் மேற்குப் புறநகரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன். வேலப்பன்சாவடியிற் சவீதா பல்மருத்துவக் கல்லூரி 1988 முதல் நடைபெறுகின்றது. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல்மருத்துவக் கல்லூரியும், முகப்பேர்ப் பகுதியில் தாய் மூகாம்பிகை பல்மருத்துவக் கல்லூரியும், போரூரில் இராமச்சந்திரா நிறுவனத்தின் பல்மருத்துவக் கல்லூரியும் உள. நகரினுள்ளே அரசினர் பல்மருத்துவக் கல்லூரி 1953 முதல் உண்டு. பல்சீரமைப்பு, செயற்கைப் பல், வாய் மற்றும் தாடை அறுவை என்னும் பிரிவுகள் பல்மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இருப்பவை. யான் மேலே கூறிய கருவிகளும் அறுவைகளும் இம்மூன்று பிரிவுகளையே சார்ந்தவை. இத்துணைக் கல்லூரிகளைப் பஸ்ஸிலேறி அரைநாளிற் சுற்றிவரக்கூடிய இடத்தில் வாழ்ந்தும், பல்லைப் பிடுங்கவும் பல்லைக் கட்டவும் அன்றி வேறெதற்கும் நாம் அங்குச் செல்வதில்லை. உறக்க நோய்க்கு மருத்துவரிடஞ் செல்வார் பல்மருத்துவரை நினையார். பல்மருத்துவரிடஞ் செல்வார் தம் உறக்கத்தைப் பற்றி வாய்திறவார். பெரியப்பாவிடம் அவ்விளம் மருத்துவர் வினவாதிருந்தால் அவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்.

இரண்டாஞ் சோதனையில் அவருக்கு 28 என்றிருந்தது 7 ஆயிற்று. இன்னும் 5-க்குக் கீழே வரவில்லை என்று மருத்துவர் மேலும் அரை மில்லிமீட்டர் திருகியிருக்கின்றார். மல்லாந்து படாது ஒருக்களித்துப் படுக்கவும், உடலெடையைக் குறைக்கவும் சொல்லியிருக்கின்றார். பெரியப்பா இப்பொழுது ஆவடியிலேயே ரயிலைவிட்டு இறங்குகின்றார். பெரியம்மாதான் இன்னும் சில இரவுகளில் ஓசை ஒன்றும் கேளாமையால் திடுக்கிட்டு விழித்து, அவர் மூக்கருகே கைவைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கின்றாராம்.